சந்தனப் பொட்டு வைத்த கால்குலேட்டர்

போன விஜயதசமி அன்று காலை நான் ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ரோஜா மாலை. கையில் ஆறு பக்கப் பேச்சு. தலைப்பு — 'எலெக்ட்ரானிக் யுகத்தில் நம் பள்ளிகள்'.

அந்தப் பேச்சை நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இடம், மயிலாப்பூரில் என் பெண் உஷா ஒன்பதாவது படிக்கும் பெண்கள் பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். அங்கே ஹெட்மிஸ்ட்ரஸாக இருக்கும் கோகிலாம்பாள் வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர். என் மேல் கோபம் வந்தால் பாதகமில்லை. உஷாவுக்கு மார்க் குறைந்தால்?

விழாவுக்குக் கூப்பிட ஆள் வந்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கணக்கு மிஷினைப் பத்தி நீங்க பேசப் போறேளா? ஆத்துல பால் கணக்குகூட நான்தானே பாக்கறேன்?"

"கணக்கைப் பற்றி இல்லை. எதிர்காலத்தைப் பற்றி."

"அதுவும் உங்களுக்குத் தெரியாதே!"

நியாயமான கேள்விதான். ஆனால் எழுதுகிறவனை மேடைக்குக் கூப்பிடுகிறவர்கள் இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேட்பதில்லை. அதனால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. அங்கே படித்து அமெரிக்காவில் குடியேறிய ஒரு பழைய மாணவி, லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. பெரிய வெற்றிலைப் பெட்டி அளவு இருக்கும். ஒயரைச் சுவரில் சொருகினால் மேலே பச்சைப் பச்சையாக எண்கள் எரியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்... கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும்.

வந்த புதிதில் அதற்கு நடந்த மரியாதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். தையல் வகுப்புப் பெண்கள் அதற்கு வெல்வெட்டில் உறை தைத்துக் கொடுத்தார்கள், ஜரிகை பார்டர் வைத்து! ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பீரோவின் மேல்தட்டு அதற்கு என்று ஒதுக்கப்பட்டது. கல்வி இலாகாவிலிருந்து யாராவது வந்தால் உறையை நீக்கிக் காட்டுவார்கள். "அமெரிக்காலேர்ந்து வந்திருக்கு" என்பார் கோகிலாம்பாள். வந்தவர் தலையை ஆட்டுவார். மறுபடியும் உறை, மறுபடியும் பீரோ.

நம் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் படிக்கும் முதல் பாடம் எது? 'அ'வா, 'ஆ'வா? இல்லவே இல்லை. 'தொடாதே' என்பதுதான் முதல் பாடம். மைக்ராஸ்கோப்பா? தொடாதே, உடைந்துவிடும். உலக உருண்டையா? தொடாதே, அழுக்காகிவிடும். லைப்ரரிப் புத்தகமா? அதன் பக்கமே போகாதே, கிழிந்துவிடும்! எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞான மனப்பான்மை வரவில்லையே என்று மேடையில் கவலைப்படுகிறோம். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கு ஒரு புதுக் கணக்கு டீச்சர் வந்தார். ஸ்டெல்லா. சாந்தோமிலிருந்து சைக்கிளில் வருகிறவர். (புடவை கட்டிக்கொண்டு சைக்கிள் விடுகிற டீச்சரை மயிலாப்பூர் இன்னும் முழுதாக ஜீரணிக்கவில்லை.) வந்த இரண்டாம் வாரமே பீரோவைக் காட்டிக் கேட்டுவிட்டார் — "அது பெண்களுக்காகத்தானே மேடம் வந்தது?"

கோகிலாம்பாள் பதறிப்போனாராம். டீச்சர் கெஞ்சி, கேட்டு, கடைசியில் புதன்கிழமை ஒரு பீரியட் மட்டும் கிடைத்தது. உஷா படிக்கிற ஒன்பதாவது 'பி' செக்ஷனுக்கு.

அந்த வகுப்பில் ஸ்டெல்லா டீச்சர் ஒரு சட்டம் போட்டார். முதலில் வாய், அப்புறம் விரல். அதாவது பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று பெண் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அமுக்கலாம். மிஷின் காட்டுவது சொன்னதற்குப் பக்கத்தில் இருந்தால் சரி. எங்கேயோ இருந்தால்? தப்பு உன் பக்கமா, மிஷின் பக்கமா என்று கண்டுபிடிக்காமல் பெஞ்சுக்குத் திரும்பக் கூடாது.

இந்த வியாதி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அபிராமபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றால், "வரிசையில சுமார் நாப்பது பேர் இருக்காப்பா, நமக்கு மூணாவது பஸ்தான்" என்கிறாள் உஷா. நான் எழுதி வைத்த ஆறு பக்கப் பேச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குத்துமதிப்பா அரை மணி நேரம் ஆகும்... பாதிப் பேர் தூங்கிடுவா" என்றாள். பேச்சின் நீளத்தைச் சொன்னது கணக்கு. தூக்கத்தைச் சொன்னது எந்தப் பாடமோ தெரியவில்லை!

பெற்றோர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மிஷின் பழகினால் வாய்ப்பாடு மறந்துவிடும் என்று ஒரு கோஷ்டி. கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தாக்கள் எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று கொடி பிடித்த அண்ணன் தம்பிகள் இருக்கிற ஊர்தானே இது? அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வேலைக்குப் போகிறவனின் வயிறு அவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்பதாவது 'பி' பெண்களுக்கு ஆபத்து இந்தக் கோஷ்டியிடமிருந்து வரவில்லை. தாளாளரிடமிருந்து வந்தது.

தாளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் பெரிய ஜவுளிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் வந்து, வாயாலேயே கணக்குப் போட்டுக் கடையை வளர்த்தவர். நல்ல மனிதர். பள்ளிக்கு ஒரு கட்டடமே கட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் எந்தச் சாமானும் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

தீபாவளி வருகிறது. கடையில் கூட்டம் அலைமோதும். பள்ளிக்கூட பீரோவில் கணக்கு மிஷின் ஒன்று தூங்குகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"வாரத்துல ஒரு நாளு, அதுவும் முக்கா மணி நேரம் வேலை பாக்குத சாமானுக்கு மத்த நாளெல்லாம் லீவா?" என்று கேட்டாராம். "தீபாவளி முடிஞ்சதும் திருப்பித் தந்திருதேன்."

தீபாவளி முடிந்தால் பொங்கல் வரும். பொங்கல் முடிந்தால் ஆடித் தள்ளுபடி. போன மிஷின் திரும்பி வராது என்பது டீச்சருக்கும் தெரியும், பெண்களுக்கும் தெரியும். விஜயதசமி அன்று வந்து பார்க்கிறேன், நன்றாக வேலை செய்தால் அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் உஷா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்குப் பேசறச்சே அதை எடுத்துண்டு போகப்படாதுன்னு சொல்லுங்கோ."

"சொல்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்."

"முதல் பக்கத்துல சேருங்கோப்பா... அஞ்சாம் பக்கம் வரைக்கும் அண்ணாச்சி முழிச்சிண்டு இருக்க மாட்டார்."

அவள் கண் கலங்கியிருந்தது. பாட்டுப் போட்டியில் பரிசு போனதற்குக்கூட அழாத பெண். எண்கள் எரிகிற ஒரு பெட்டிக்காக அழுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. முதல் பக்கத்திலேயே சேர்த்தேன்.

விஜயதசமி காலை. ஹாலில் முதல் நாள் போட்ட பூஜை அப்படியே இருந்தது. நீள பெஞ்சு மேல் பட்டுத் துணி விரித்து எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். ஹார்மோனியம், தையல் மிஷின், லாபரட்டரித் தராசு, உலக உருண்டை. இவற்றுக்கு நடுவே உறை இல்லாமல் கால்குலேட்டர். சரஸ்வதி பூஜை அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் வேறு யாரையும் தொட விடாமல் தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்கு மேலே ஒரு பொட்டு. கால்குலேட்டரின் கீழ் வரிசையில் கொழுகொழுவென்று ஒரு பொட்டு. ராத்திரியில் காய்ந்து இறுகிப்போயிருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

புனர்பூஜை முடிந்தது. என்னைப் பேச அழைப்பார்கள் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"பேச்சு எங்க ஓடியா போகுது? முதல்ல மிஷினப் பாப்போம். எனக்குக் கடைக்குப் போகணும்."

முதல் பக்கத்தில் சேர்த்ததும் பயனில்லாமல் போயிற்று.

அண்ணாச்சியோடு அவர் கடைக் கணக்கப்பிள்ளை சுடலைமுத்துவும் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள், காதில் பென்சில். அண்ணாச்சியோடு ஊரிலிருந்து வந்தவர், அவர் கடையைத் தவிர வேறெங்கும் வேலை பார்க்காதவர். பள்ளிச் சீருடைக்காக நீலத் துணி கடைக்கு வந்திறங்கியிருந்தது. பத்து பீஸ். ஒவ்வொரு பீஸையும் அளந்து, வாயாலேயே கூட்டி, மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் என்று சுடலைமுத்து சொல்லியிருந்தார்.

"அதையே மிஷின்ல போட்டுப் பாப்போம்" என்றார் அண்ணாச்சி. "சுடலை, ஒவ்வொண்ணாச் சொல்லும்வே."

ஸ்டெல்லா டீச்சர் முன்னால் வந்தார். கோகிலாம்பாள் கையைக் காட்டி நிறுத்தினார். பெரியவர்கள் வந்திருக்கும்போது தானே இயக்குவதுதான் மரியாதை என்று நினைத்தார் போலிருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலை நீட்டி, பொத்தான்களை மட்டும் பார்த்துக்கொண்டு தயாரானார். மேலே எரியும் எண்களை அவர் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த விரலைத்தான் பார்த்தோம்.

"முப்பத்தெட்டு... நாப்பத்தொண்ணு... நாப்பது... முப்பத்தொம்பது..." என்று சொல்லிக்கொண்டு போனார் சுடலைமுத்து. "நாப்பத்திரெண்டு... முப்பத்தேழு... நாப்பது... நாப்பத்தொண்ணு... முப்பத்தொம்பது... முப்பத்தெட்டு. அம்புட்டுதான்."

கீழே பாயில் உட்கார்ந்திருந்த ஒன்பதாவது 'பி' பெண்கள் பழக்க தோஷத்தில் ஒரே குரலாக, "நானூறுக்குக் கிட்ட!" என்றார்கள்.

"ஷ்!" என்றார் கோகிலாம்பாள். கடைசிப் பொத்தானை அமுக்கினார்.

அண்ணாச்சி குனிந்து படித்தார். "முந்நூத்தி இருபத்தி மூணு."



"முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சுல்லா முதலாளி..." என்றார் சுடலைமுத்து.

"மிஷின் பொய் சொல்லுமாவே? அதுக்கு என்ன, பொண்டாட்டி பிள்ளையா இருக்கு? எழுவத்திரெண்டு மீட்டர் துணி எங்கவே போச்சு?"

அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். இத்தனை வருஷமாக நம்பிய ஆளை முதல்முறையாகச் சந்தேகப்படுகிற அதிர்ச்சி.

சுடலைமுத்து என்ன செய்தார் தெரியுமா? சண்டை போடவில்லை. பச்சையாக எரியும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மிஷினே சொல்லிட்டா... சரியாத்தான் இருக்கும் முதலாளி. வயசாயிட்டு. அளந்ததுலதான் எங்கயோ தப்பியிருக்கேன்."

தான் அளந்த துணியை, தான் போட்ட கூட்டலை அந்த மனிதர் ஒரு நொடியில் விட்டுக் கொடுத்துவிட்டார். யாருக்கு? ஒரு பெட்டிக்கு! இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'எலெக்ட்ரானிக் யுக'த்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதி வைத்திருந்த நானும் அந்த நிமிஷத்தில் மிஷினைத்தான் நம்பினேன். பாவம், பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது கீழே ஒரு பெண் எழுந்தாள்.

தனலட்சுமி. உஷாவுக்குப் பக்கத்து பெஞ்சு. குளக்கரைப் பக்கத்திலிருந்து வருகிற பெண். வகுப்பில் வாய் மூடாது என்று பேர் வாங்கியவள். எழுந்தவளை உட்காரச் சொல்லி யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். யார் என்று பார்த்தேன். என் பெண்தான்! எழுத்தாளன் வீட்டு வாரிசு வேறு எப்படி இருக்கும்?

"தப்பா கீது சார்" என்றாள் தனம்.

"தனலட்சுமி, உக்காரு!" என்றார் கோகிலாம்பாள்.

"இல்ல மேடம், தப்பா கீது."

அண்ணாச்சி திரும்பினார். "என்ன தப்பு, சொல்லு."

"பத்து பீஸ் சார். எல்லாமே நாப்பதாண்டதான் கீது. ஒண்ணு கொஞ்சம் மேல, ஒண்ணு கொஞ்சம் கீழ. பத்து நாப்பது நானூறு. முந்நூத்தி இருவத்தி மூணு எப்டி சார் வரும்? அவரு சொன்ன நம்பருக்கு மிஷின் சொல்றது ஒத்து வரவே இல்ல. அவரு மேல இன்னா தப்பு?"

அண்ணாச்சி நெற்றியில் அறைந்துகொண்டார். பத்து நாற்பது நானூறு! கடையில் யாராவது இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் துணியைக் கிழிக்கும் நேரத்துக்குள் அவரே சொல்லியிருப்பார். எதிரே ஒரு மிஷின் இருந்தது, அதனால் தன் தலையைக் கழற்றி வைத்துவிட்டார். அவர் மட்டுமா? மேடையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும்.

"அமெரிக்காலேர்ந்து வந்த மிஷின்டீ..." என்றார் கோகிலாம்பாள். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"ஒவ்வொரு நம்பரா அடிச்சுப் பாக்கலாம் மிஸ்" என்று பாயிலிருந்து இன்னொரு குரல். இந்த முறை என் பெண்! பாவாடையை இழுத்த கைக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்டெல்லா டீச்சர் சரி என்று தலையை அசைத்தார்.

இரண்டு பெண்களும் மேடை ஏறினார்கள். தனம் பொத்தானை அமுக்க, உஷா மேலே எரியும் எண்ணை உரக்கப் படித்தாள்.

முப்பத்தெட்டு அடித்தாள். முப்பத்தெட்டு வந்தது.

நாற்பத்தொன்று அடித்தாள். நாற்பத்தொன்று வந்தது.

நாற்பது அடித்தாள்.

"நாலு!" என்று கத்தினாள் உஷா. "அப்பா, நாலுதான் இருக்கு! சைபரையே காணும்!"

ஸ்டெல்லா டீச்சர் குனிந்து பார்த்தார். சைபர் பொத்தான் உள்ளே இறங்கவே இல்லை. சுற்றிலும் சந்தனம். காய்ந்து சிமெண்ட்டாகிவிட்டது! இரண்டு நாற்பதும் நான்காகி, அந்த எழுபத்திரண்டு மீட்டரையும் அதுதான் விழுங்கியிருக்கிறது.

கோகிலாம்பாள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் அவர் பேசியது கேட்டது.

"அந்தப் பொத்தான்தான் எல்லாத்தையும் விடப் பெரிசா, நடுவுல இருந்துது... பொட்டு வைக்கத் தோதா இருக்கேன்னு அதுக்கு வச்சேன். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாவே இட்டுட்டேன்."

சைபரைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்தது நாம்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். என் பேச்சிலும் இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. அந்தச் சைபரைச் சந்தனம் பூசி மூடியதும் நாம்தான் என்று நான் எழுதியிருக்கவில்லை. அன்று அந்த இரண்டாம் பக்க வரியை அடித்துவிட்டேன்.

அடுத்த கால் மணி நேரம் ஹாலில் யாருக்கும் விழா என்ற நினைப்பே இல்லை. டீச்சர் ஒயரைப் பிடுங்கினார். லாபரட்டரியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வந்தன. உஷா தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். பெண்கள் மாறி மாறிப் பொறுமையாகச் சுரண்டினார்கள், துடைத்தார்கள், ஊதினார்கள். 'தொடாதே' என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

மறுபடி ஒயரைச் சொருகினார்கள். மறுபடி சுடலைமுத்து எண்களைச் சொன்னார். தனம் அமுக்கினாள்.

முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

பெரியவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலாளி நிற்கும்போது அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அண்ணாச்சி அவர் தோளில் கை வைத்தார். "தப்பாப் பேசிட்டேன்வே சுடலை. மனசுல வச்சுக்காதயும்." பிறகு மிஷினைக் காட்டினார். "இது மட்டும் என் கடையில இருந்து, இந்தப் பிள்ளைக அங்க இல்லாம இருந்திருந்தா... ஒரு நல்ல மனுசனத் திருடன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்லா?"

ஸ்டெல்லா டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, மிஷின் இங்கயே இருக்கட்டும். இதக் கேள்வி கேக்க ஆளு இருக்குத எடத்துலதான் இது இருக்கணும்."

பெண்கள் கைதட்டவில்லை. கூச்சலே போட்டார்கள்! உஷா தனத்தைக் கட்டிக்கொண்டாள்.

பழக்கத்தில் கோகிலாம்பாள் வெல்வெட் உறையைக் கையில் எடுத்தார். ஸ்டெல்லா டீச்சர் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பீரோவில வேண்டாம் மேடம். புதன்கிழமை மட்டும் போதலை. பெண்களுக்கு இது தினமும் வேணும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் உறையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். நான் அவரைப் பற்றி இதுவரை கொஞ்சம் கிண்டலாகவே எழுதிவிட்டேன். ஆனால் அடுத்து அவர் செய்ததற்கு மனசு வேண்டும். உறையை நாலாக மடித்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"தினமும் எடுத்துக்கோங்கோ. மத்த கிளாஸுக்கும் காட்டிக் குடுங்கோ. ஒண்ணே ஒண்ணு... கையை அலம்பிண்டு தொடணும், தெரிஞ்சுதா?"

சந்தனம் யார் கையிலிருந்து வந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மிஷின்கள் வரத்தான் போகின்றன. இன்றைக்கு வெற்றிலைப் பெட்டி அளவில் இருப்பது நாளைக்குப் பாக்கு டப்பி அளவில் வரும். ஒவ்வொரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸிலும் ஒன்று இருக்கும். கணக்குப் போடுவதோடு நிற்காமல் படம் காட்டும், பாடம் சொல்லும், யார் கண்டது? பூட்டி வைத்தும் பயனில்லை, கும்பிட்டும் பயனில்லை. பொத்தானை அமுக்க ஒரு வாரத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். 'என்ன வரும் என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும். நீ சொல்வது அதோடு ஒத்து வரவில்லையே?' என்று கேட்கிற தலையை வளர்ப்பதுதான் பள்ளியின் வேலை. அதற்கு ஸ்பிரிட் வேண்டாம், அமெரிக்கா வேண்டாம். நாளைக் காலையே, மிஷின் இல்லாத பள்ளியிலும் ஆரம்பிக்கலாம்.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. மிஷினைப் பார்த்துத் 'தப்பா கீது' என்று சொல்லப் பழகிய பெண், நாளைக்கு வாத்தியாரையும் பார்த்து அதையே சொல்லுவாள். அப்பாவைப் பார்த்தும் சொல்லுவாள். அதற்கும் நாம் தயாராக வேண்டும். எனக்கு வீட்டில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. வலிக்கத்தான் வலிக்கிறது... ஆனாலும் நல்லதுதான்.

"இனிமே சார் பேசலாம்" என்றார் கோகிலாம்பாள் என்னைப் பார்த்து.

"தனலட்சுமி பேசிவிட்டாள்" என்று சொல்லிவிட்டு ஆறு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தேன். பலத்த கைதட்டல். பேசாமல் இருந்ததற்காக நான் வாங்கிய முதல் கைதட்டல்!

சுண்டல் கொடுத்தார்கள். அண்ணாச்சி காரில் ஏறப் போனார். நானும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே திரும்பிப் பார்த்தால் பெஞ்சைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். நடுவே சுடலைமுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நீங்களும் அமுக்கிப் பாருங்க தாத்தா" என்றாள் தனம்.

"வேண்டாம் தாயி. ஒடஞ்சிரும்."

"ஒடையாது. நானு கூட கீறேன்ல? ஏழு பீஸு, ஒண்ணொண்ணும் நாப்பத்திரெண்டு மீட்டரு. முதல்ல வாயால சொல்லுங்க. அப்பால அமுக்கலாம்."

"ஏழு நாப்பது எரநூத்தி எம்பது... அதுக்கு மேல கொஞ்சம்... முந்நூறுக்குப் பக்கத்துல வரும்."

"இப்ப அமுக்குங்க."

விரல் மெதுவாக நீண்டது. ஏதோ சூடான சட்டியைத் தொடுவது போல ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டார். நாலு. ரெண்டு. பெருக்கல். ஏழு. பச்சை எண்கள் எரிந்தன. இருநூற்றுத் தொண்ணூற்று நாலு.

"ஏ, சரியா இருக்குல்லா!" என்று சிரித்தார் பெரியவர். "இன்னொண்ணு சொல்லு தாயி!"

வாசலில் காரிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணாச்சிக்குக் கடைக்கு நேரமாகிறது. மறுபடியும் ஹாரன், இந்த முறை நீளமாக.

சுடலைமுத்து தலையைத் தூக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி! பாடம் நடந்துக்கிட்டு இருக்குல்லா!"

ஹாரன் நின்றது.